பழசை எழுதினால் பிரஷர் ஏறுமா?

"வயசான காலத்தில் பழைய வேதனையை எழுதிக் கிளறாதீர்கள், பிரஷர் ஏறிப் பக்கவாதம் வந்துவிடும்." செஞ்சிப் பக்கம் இந்தப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. துளி உண்மை கலந்திருப்பதுதான் இதன் ஆபத்து. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மனக்காயத்தை எழுதிய மாணவர்களுக்கு எழுதி முடித்த கையோடு ரத்த அழுத்தம் ஏறத்தான் செய்தது, மனமும் கனத்தது. வதந்திக்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நடந்ததையும் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் டாக்டரிடம் போனது குறைந்ததே, அதை ஏன் சொல்வதில்லை? செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைப் படியேறினாலும்தான் பிரஷர் ஏறும், உட்கார்ந்தால் தணியும்.

"அவர்கள் இளவட்டங்கள், பெரியவர்களுக்கு ஆகாது" என்பார்கள். நியூசிலாந்தில் 64 முதல் 97 வயது வரையுள்ள 49 பேரிடம் செய்து பார்த்து 2013-இல் வெளியிட்டார்கள். தினம் 20 நிமிடம், மூன்றே நாள். ஒரு சாரார் மனதை வருத்திய அனுபவத்தை எழுதினார்கள். மறுசாரார் அன்றாட வேலைகளை உணர்ச்சி கலக்காமல் எழுதினார்கள். பிறகு எல்லோருக்கும் மேற்கையின் உட்புறத்தில் 4 மி.மீ. தோலை எடுத்து, புண் ஆறுவதைக் கவனித்தார்கள். 11-ஆம் நாள், வேதனையை எழுதியவர்களில் 76 சதவீதம் பேருக்குப் புண் முழுதும் மூடியிருந்தது. மற்றவர்களில் 42 சதவீதம். மன அழுத்தக் கேள்வித்தாளில் மட்டும் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. இப்படி எழுதுவது பற்றிய 146 ஆய்வுகளைத் திரட்டிய 2006 மதிப்பீடோ, மனதுக்கும் உடம்புக்கும் பலன் உண்டு, அளவுதான் சிறியது என்கிறது. ஒரு நோட்டுச் செலவில் கிடைப்பதை ஏன் தடுக்கிறீர்கள்? பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது.

"இது வெள்ளைக்காரர் பழக்கம்" என்பது வெறும் அறியாமை. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 தொடங்கி 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் மனைவியோடு இருந்த மனக்கசப்பும் அதில் உண்டு. எழுத்துப் பிழை வருமென்று தயக்கமா? திருத்த யாருமில்லை, வேண்டுமானால் கிழித்துப் போடலாம். எழுத வராதவர்கள் செல்போனில் பேசிப் பதியலாம். சாவு விழுந்த வீட்டில் உடனே நோட்டை நீட்டாதீர்கள். உயிரை விடும் எண்ணம் இருந்தால் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

எழுத ஓர் இடமும் வேண்டுமே. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். செஞ்சி போன்ற ஊர்களின் நூலகங்களில் பிற்பகலில் பெரியவர்களுக்கென்று ஒரு மேசை, நல்ல வெளிச்சம், அகலக் கோடு போட்ட நோட்டு, ஒரு பேனா கொடுங்கள். எழுதியதை யாரும் வாங்கிப் படிக்கக் கூடாது; வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.