தவளைக் கால் ஏற்றுமதி: வரவும் இழப்பும்

பருவமழையின் முதல் இரவுகளில் வயல்களிலிருந்தும் குட்டைகளிலிருந்தும் எழும் கனத்த குரல் பெரும்பாலும் காளைத் தவளையினுடையதாகும். ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் வரை வளரும் இது, நமது துணைக்கண்டத்தின் மிகப் பெரிய தவளைகளுள் ஒன்று. இனப்பெருக்கக் காலத்தில் இதன் ஆண் மஞ்சள் நிறம் பெறுகிறது; தொண்டையின் இருபுறமும் நீலக் குரற்பைகள் புடைத்து நிற்கின்றன. இதன் உறவினமான ஜெர்டான் தவளையும், குளங்களில் வாழும் பச்சைத் தவளையும் உருவில் பெரியவையே. அந்தப் பேருருவமே இம்மூன்றுக்கும் கேடாக அமைந்தது.

செலாவணி ஈட்டிய கால்கள்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தவளையின் பின்னங்கால்கள் சுவைமிக்க உணவாகக் கருதப்படுகின்றன. அத்தேவையை நிறைவு செய்த நாடுகளுள் இந்தியா முன்னணியில் நின்றது. 1981-இல் ஏற்றுமதி 4,000 டன்னைத் தாண்டியது. இத்தவளைகள் வளர்ப்புப் பண்ணைகளில் பெறப்பட்டவை அல்ல. மழைக்கால இரவுகளில், விளக்கொளியில் திகைத்து நிற்கும் தவளைகளைக் கிராமப்புற ஏழைகள் கையால் பிடித்துக் கொடுத்தனர். அவர்களுக்கு அது வேலையற்ற நாட்களில் கிடைத்த கூலி. நாட்டிற்கோ அந்நியச் செலாவணி.

கணக்கில் வராத இழப்பு

ஆனால் இவ்வரவுக்கு எதிராக எழுதப்பட வேண்டிய செலவு எந்தப் பேரேட்டிலும் இடம்பெறவில்லை. வயலில் வாழும் தவளை பூச்சிகளையும் நண்டுகளையும், சில வேளைகளில் சுண்டெலிகளையும் உண்கிறது. இப்பணிக்கு உழவர் கூலி கொடுப்பதில்லை. ஆகவே அதன் மதிப்பும் கணக்கிடப்படவில்லை. தவளை குறைந்தால் அதன் பணியைப் பூச்சிகொல்லி மருந்துகளே ஏற்க வேண்டும். அதற்கான விலையை உழவரே செலுத்த வேண்டும். மேலும், முட்டையிடக் கூடும் பருவத்திலேயே வேட்டை நடந்ததால், பிடிபட்ட ஒவ்வொரு பெண் தவளையுடனும் ஆயிரக்கணக்கான முட்டைகள் அழிந்தன.

தடையும் அதன் பின்னரும்

காளைத் தவளையும் பச்சைத் தவளையும் 1985-இல் அருகிவரும் உயிரினங்களின் வாணிபம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 1987-இல் இந்திய அரசு தவளைக் கால் ஏற்றுமதியைத் தடை செய்தது. எனினும் உலகச் சந்தையின் தேவை மறையவில்லை; வாணிபம் வங்காளதேசத்திற்கும், பின்னர் இந்தோனேசியாவிற்கும் இடம் மாறியது. உள்நாட்டிலும் கோவா போன்ற பகுதிகளில் மழைக்கால வேட்டை சட்டத்திற்கு மாறாகத் தொடர்கிறது.

இதே தவளை, மனிதரால் கொண்டு செல்லப்பட்ட அந்தமான் தீவுகளில் தீங்கு விளைவிக்கிறது. அங்கு இதன் தலைப்பிரட்டைகள் உள்ளூர்த் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்றுவிடுகின்றன. ஆகவே ஓர் உயிரின் நன்மையும் தீமையும் அது வாழும் இடத்தைப் பொறுத்தவை என்பது தெளிவு.

இயற்கை வளத்தின் ஏற்றுமதியை மதிப்பிடும்போது துறைமுகத்தில் கிடைக்கும் விலையை மட்டும் கருதுவது போதாது. வயலில் நேரும் இழப்பையும், தடையினால் கூலியிழக்கும் ஏழையின் மாற்றுப் பிழைப்பையும் சேர்த்துக் கணக்கிடும் திட்டமே முழுமையான திட்டமாகும்.