எண்ணில் பிறந்த கிண்டல்

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு சிறுவன், "மணி அடித்ததும் நாங்கள் ஒன்பது இரண்டு பதினொன்று, சார்!" என்றான். 'நௌ தோ க்யாரஹ்' என்ற இந்திக் கொச்சையை அப்படியே தமிழாக்கிவிட்டான். "இதை நம்மூரில் கம்பி நீட்டுவது என்போம்" என்றேன். அன்று பாடமே எண்கள்தான்.

ஏமாற்றுக்காரனை 'ஃபோர் ட்வென்டி' என்கிறோம். 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் மோசடிக்கான பிரிவு 420. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் அந்தக் குற்றம் 318-ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. வசவு மட்டும் மாறவில்லை.

முழு உண்மையை இந்தியில் 'ஸோலஹ் ஆனே ஸச்' என்பார்கள். ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்துப் பேச்சு அது. 1957-இல் நயா பைசா வந்த பிறகும் நிலைத்துவிட்டது. பதினாறில் ஒரு பங்குக்குத் தமிழில் தனிப் பெயரே உண்டு: மாகாணி. அதில் இரண்டு சேர்ந்தால் அரைக்கால்.

"அப்படியானால் என் தமிழ் மாகாணித் தமிழ், சார்!" என்றான் அதே சிறுவன். வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் சுருக்கென்றது.

பெற்றோர்களே, சாப்பாட்டு வேளையிலாவது குழந்தைகளிடம் தமிழில் பேசுங்கள். அடுத்த பொங்கலுக்குள் அந்த மாகாணி அரைக்காலாவது ஆகட்டும்.