நெடுவழியும் குறுநேரமும்

தில்லிக்கும் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகருக்கும் இடைப்பட்ட தொலைவு எவ்வளவு? புவிக்கோளத்தின்மீது இவ்விரு நகரங்களையும் இணைத்து ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது வடதுருவப் பகுதியை ஒட்டிச் செல்லும். அதன் அளவு ஏறத்தாழ 12,400 கிலோமீட்டர். தட்டையான நிலப்படத்தை மட்டுமே கண்டு பழகியவர்க்கு இவ்வழி வியப்பளிக்கும்.

ஆயினும், வானூர்திகள் எப்போதும் நூல் பிடித்தாற்போலச் செல்வதில்லை. 2015ஆம் ஆண்டின் இறுதியில் ஏர் இந்தியா இந்நகரங்களுக்கிடையே இடைநில்லாச் சேவையைத் தொடங்கியபோது, வானூர்தி மேற்கு நோக்கி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து சென்றது. அவ்வழியின் நீளம் ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் வழி மாற்றப்பட்டது. கிழக்கு நோக்கிப் பறந்த வானூர்தி, பசிபிக் பெருங்கடலின் மேலாக ஏறத்தாழ 15,300 கிலோமீட்டரை 14½ மணி நேரத்தில் கடந்தது. தொலைவு 1,400 கிலோமீட்டர் கூடியது. நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி குறைந்தது.

இவ்விந்தைக்குக் காரணம் காற்றே. மேற்கிலிருந்து வீசும் காற்றுக்குக் கோடை என்று பெயரிட்டனர் நம் முன்னோர். அவர்கள் அறிந்தது நிலத்தை ஒட்டி வீசும் காற்று. ஏறத்தாழ 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக மற்றொரு காற்று ஆறுபோல் ஓடுகிறது. வெப்பமண்டலத்திற்கும் துருவப் பகுதிக்கும் இடையிலான வெப்ப வேறுபாடும் புவியின் சுழற்சியும் இதனைத் தோற்றுவிக்கின்றன. இதுவே ஜெட் காற்றோட்டம். மணிக்கு 900 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வானூர்தியை 150 கிலோமீட்டர் விரைவுடைய காற்று பின்னிருந்து தள்ளினால், நிலத்தை நோக்க அதன் விரைவு 1,050 ஆகும். எதிர்த்து வீசினால் 750 ஆகக் குறையும்.

பசிபிக் வழியில் செல்லும் வானூர்தி ஜப்பானை ஒட்டிக் கடக்கிறது. இக்காற்றை முறையாக அளந்து பதிவுசெய்த முன்னோடி அந்நாட்டவரே. வசபுரோ ஓய்ஷி என்னும் வானிலை அறிஞர், டோக்கியோவுக்கு வடகிழக்கே உள்ள ததெனோ ஆய்வுநிலையத்தில் பலூன்களை வானில் விட்டு, அவை நகரும் விரைவைக் கணக்கிட்டார். தம் முடிவுகளை அவர் 1926இல் எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அது உலக மக்கள் அனைவருக்கும் பொதுமொழியாக வேண்டும் என உருவாக்கப்பட்ட மொழி. எல்லாரும் படிக்கட்டும் என்று எழுதியதை அதனாலேயே மிகச் சிலரே படித்தனர். 1944இன் இறுதியில் டோக்கியோவின்மீது குண்டு வீச வந்த அமெரிக்க விமானிகள், தாம் எதிர்பாராத கடுங்காற்றில் சிக்கிக் குறி தவறினர்.

ஜப்பானியப் படையினரோ ஓய்ஷியின் அளவீடுகளை அறிந்திருந்தனர். 1944 நவம்பர் முதல், குண்டுகள் பொருத்திய ஏறத்தாழ 9,000 பலூன்களை அக்காற்றில் மிதக்கவிட்டனர். பசிபிக்கைத் தாண்டிய அவற்றுள் ஒன்று, 1945 மே மாதம் ஓரிகன் மாநிலக் காட்டில் வெடித்தது. சிற்றுலா சென்றிருந்த ஐந்து சிறாரும் ஒரு பெண்ணும் உயிரிழந்தனர். உலகோர் நலம் கருதிய மொழியில் எழுதப்பட்ட அறிவுக்கு இத்தகைய பயன் நேர்ந்தது.

இன்று அதே காற்று பயணிகளைச் சுமந்து செல்கிறது. பசிபிக் வழியைத் தொடங்கியபோது ஏர் இந்தியா, திரும்பும் வானூர்தியை வந்த வழியே செலுத்தவில்லை. அட்லாண்டிக் பெருங்கடலின் மேலாகக் கிழக்கு நோக்கியே செலுத்தியது. இருவழியிலும் காற்று துணையாயிற்று. தில்லியிலிருந்து சென்று தில்லிக்கே மீண்ட பயணி, உலகை ஒருமுறை சுற்றி வந்திருந்தார்.