குளிர்கால பீரில் ஏன் இவ்வளவு கசப்பு?

கேள்வி: கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ நகரில் வேலை பார்க்கிறேன். டிசம்பர் தொடக்கத்தில் அலுவலக நண்பர் ஒருவர் ஆறு பாட்டில் பீர் பரிசாகக் கொடுத்தார். சியரா நெவாடா ஆலையின் ‘செலிப்ரேஷன்’. சிவப்பு லேபிள், அதில் பனி மூடிய ஒரு வீடு. பட்டை, கிராம்பு மணக்கும் கிறிஸ்துமஸ் பீர் என்று நினைத்துத் திறந்தேன். முதல் மடக்கே கசப்பு. மிளகாய் தூக்கலாகப் போட்ட கோழி வறுவலோடு குடித்ததில் வாய் எரிந்ததுதான் மிச்சம். சில நாள் கழித்து இரண்டாவது பாட்டிலை வெறுமனே குடித்தபோது ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினாற்போல ஒரு வாசனை வந்து போனது. அது என்ன? இந்த பீரை எப்படிச் சுவைப்பது? மீதி நான்கு பாட்டிலை அடுத்த கிறிஸ்துமஸ் வரை எடுத்து வைத்தால் ஒயின் மாதிரி மெருகேறுமா?

– ஒரு வாசகர், சாக்ரமெண்டோ

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். எடுத்து வைக்காதீர்கள். நான்கையும் இந்தக் குளிர்காலத்திலேயே குடித்துவிடுங்கள். உங்களைத் தேடி வந்த அந்த ஆரஞ்சுத் தோல் வாசனைக்காகத்தான் இந்த பீரையே காய்ச்சுகிறார்கள். அது அதிக நாள் தங்காது.

குளிர்கால பீர் என்றால் பலரும் எதிர்பார்ப்பது நீங்கள் எதிர்பார்த்ததைத்தான். பிரிட்டனில் இந்தப் பருவத்துக்கென்று கருமையும் இனிப்பும் கூடிய ஏல் என்னும் பீர் வகைகள் உண்டு. உங்கள் மாநிலத்திலேயே சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 1975 முதல் ஆண்டுதோறும் செய்முறையை மாற்றி ஒரு கிறிஸ்துமஸ் ஏல் தந்துவந்தது. மசாலா மணத்துக்காகவே அதைத் தேடி வாங்கியவர்கள் உண்டு. செலிப்ரேஷனில் மசாலா எதுவும் இல்லை. கென் கிராஸ்மன் தொடங்கிய சியரா நெவாடா ஆலை சீக்கோ நகரில் 1980இல்தான் காய்ச்ச ஆரம்பித்தது. அடுத்த ஆண்டே, 1981இல், இந்த பீர் வந்துவிட்டது. இந்தியா பேல் ஏல், சுருக்கமாக ஐபிஏ, என்று இன்று உலகமே அறிந்த கசப்பு பீர் வகையை அமெரிக்காவில் அன்று காய்ச்சியவர்கள் மிகச் சிலர்; செலிப்ரேஷன் அந்த வகைதான்.

அப்படியானால் இது ஏன் குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கிறது? விடை ஹாப்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. ஹாப்ஸ் ஒரு கொடி. கயிற்றைப் பற்றிக்கொண்டு ஐந்து மீட்டருக்கு மேல் ஏறும். அமெரிக்க ஹாப்ஸில் பெரும்பகுதி வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கில் விளைகிறது. ஆண்டுக்கு ஒரே அறுவடை, ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பர் முழுக்க. காயைப் போலத் தெரியும் அந்தப் பச்சைப் பூக்கூம்பை இரண்டாகப் பிய்த்துப் பார்த்தால், இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும். அதற்கு லுபுலின் என்று பெயர். பீரின் கசப்பும் மணமும் அந்தப் பொடிக்குள்தான் அடங்கியிருக்கின்றன. பறித்த கூம்பில் எண்பது சதவீதம் அளவுக்குத் தண்ணீர் என்பதால் உடனே சூளையில் உலர்த்துகிறார்கள். பிறகு பெரும்பாலானவை அரைக்கப்பட்டுக் குளிகைகளாகிக் குளிர்கிடங்குக்குப் போய், ஆண்டு முழுவதும் ஆலைகளுக்குப் பயன்படுகின்றன. செலிப்ரேஷனுக்கு அப்படி இல்லை. அந்த ஆண்டு முதலில் உலர்த்தி வந்த ஹாப்ஸை, முழுக் கூம்பாகவே, மணம் குறைவதற்குள் கொதிகலனில் போடுகிறார்கள். இலையுதிர் காலத்தில் காய்ச்சி நொதிக்கவைத்துப் பாட்டிலில் அடைத்தால், கடைக்கு வரும்போது குளிர் தொடங்கியிருக்கும். லேபிளில் பனி வந்தது அதனால்தான்.

இதில் சேர்வது காஸ்கேட், சென்டெனியல், சினூக் என்ற மூன்று வகை ஹாப்ஸ். முதல் இரண்டும் பூவும் எலுமிச்சை இனப் பழத்தோலும் கலந்த மணம் தருபவை. சினூக்கில் பைன் மரப் பிசின் வாடை தூக்கலாக இருக்கும். உங்களுக்கு வந்த ஆரஞ்சுத் தோல் வாசனை பெரும்பாலும் முதல் இரண்டின் வேலை.

அதே ஹாப்ஸ் கசப்பையும் மணத்தையும் வெவ்வேறு வழியில் கொடுக்கிறது. மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கரைசல் கொதிக்கத் தொடங்கும்போதே போட்டால், அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் வெப்பத்தில் உருமாறிக் கசப்பாகக் கரைந்துவிடும். மணம் தரும் எண்ணெய்கள் ஆவியோடு போய்விடும். கொதி முடியும் தறுவாயில் போட்டால் மணம் தங்கும். இந்த பீருக்கு இரண்டுமே தாராளம். கசப்பை அளக்கும் அலகில் இது 65. கடையில் மலிவாகக் கிடைக்கும் லைட் லாகர் பீர்கள் பத்தைச் சுற்றியே இருக்கும். நீங்கள் திடுக்கிட்டதில் வியப்பே இல்லை.

பாட்டிலில் மாதங்கள் போகப் போக அந்த எண்ணெய்கள் மங்கும். உள்ளே சிக்கிய கொஞ்சம் ஆக்ஸிஜன் மால்ட்டைப் பழசாக்கி, நனைந்த அட்டைப்பெட்டி வாடையைக் கொண்டுவரும். கசப்பும் கூர்மை இழந்து மந்தமாகும். புதிதாக வறுத்து அரைத்த காப்பிப் பொடியை ஓராண்டு டப்பாவில் விட்டால் என்ன ஆகுமோ அதுதான். பழைய செலிப்ரேஷனில் கேரமல் இனிப்பு மேலெழுவதை விரும்பி எடுத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ரசனையை மறுக்கவில்லை. ஆனால் முதல் முறை சுவைக்கும் உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். அறுவடை மணத்துக்காகச் செய்த ஒன்றை அந்த மணம் போன பிறகு குடிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வெயில், டியூப்லைட் இரண்டிலிருந்தும் தள்ளி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒளி பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து துர்நாற்றம் வீசும் கந்தகச் சேர்மம் உண்டாகும். பழுப்புக் கண்ணாடி ஓரளவுதான் காக்கும்.

இனி சுவைப்பது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து, பதினைந்து நிமிடம் வெளியே விடுங்கள். எட்டு முதல் பத்து டிகிரி செல்சியஸ் இதற்கு நல்லது. உறைகுளிரில் மணம் எழாது, கசப்பு மட்டும் தனியாகத் தெரியும். உங்கள் முதல் பாட்டிலுக்கு அதுவே நடந்திருக்கலாம். பாட்டிலோடு குடிக்க வேண்டாம். மூக்குக்கு வேலை இல்லாமல் போகும். வாய் சற்றுக் குறுகிய கிளாஸ் எடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ ஒட்டியிருந்தால் நுரை நிற்காது என்பதால் நன்றாக அலசுங்கள். இரண்டு விரல் உயரம் நுரை வரும்படி ஊற்றி, செம்பு கலந்த சிவப்பு நிறத்தைப் பாருங்கள். கேரமல் மால்ட் தந்த நிறம் அது. நுரை அடங்குவதற்குள் மோந்து பாருங்கள். பிறகு ஒரு சின்ன மடக்கு. வாய் முழுக்கப் பரவவிட்டு விழுங்கியதும் மூச்சை மூக்கு வழியாக விடுங்கள். முதலில் வறுத்த ரொட்டியின் மேலோடு போன்ற மால்ட் இனிப்பு, அதன் மேல் பழத்தோலும் பிசினும், கடைசியாக நெடுநேரம் நிற்கும் கசப்பு. கசப்பை வைத்து உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். மூன்றாவது மடக்கில் நாக்கு பழகிவிடும், அடியில் இருக்கும் மால்ட் அப்போதுதான் பிடிபடும். இந்த பீரில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த இடம்தான். கசப்புக்கு ஈடுகொடுக்கும் மால்ட் கனம் இதற்கு இருக்கிறது. இன்றைய ஐபிஏக்கள் பலவற்றில் அது இல்லை.

மிளகாய்க் காரத்தோடு மட்டும் வேண்டாம். ஆல்கஹால், கசப்பு, வாயு மூன்றும் எரிச்சலைக் கூட்டும். நன்றாகச் சிவக்க வாட்டிய இறைச்சி, பொன்னிறத்தில் வதக்கிய வெங்காயம், முற்றிய செடார் சீஸ், உப்புப் போட்டு வறுத்த முந்திரி ஆகியவை பொருந்தும். ஆல்கஹால் 6.8 சதவீதம், வழக்கமான லாகரைவிட அதிகம். ஒரு வேளைக்கு ஒன்று போதும், மெதுவாகக் குடியுங்கள்.

அடுத்த ஆண்டு அக்டோபர் கடைசியிலிருந்தே கடைகளில் பாருங்கள், நிரப்பிய தேதி புதிதாக இருப்பதை வாங்குங்கள். சீக்கோ உங்கள் ஊரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்தான். ஆலையோடு சேர்ந்த உணவகத்தில் நேராகக் குழாயிலிருந்து கிளாஸில் பிடித்துத் தருவார்கள். திரும்பி வரும்போது வண்டி ஓட்ட, குடிக்காத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.