தண்ணீர்த் தொண்டு: ஓர் இராட்டினம் புகட்டிய பாடம்

தண்ணீர்த் தொண்டு தலையாய தொண்டு என்பதில் ஐயமில்லை. பாடசாலையிலே நல்ல நீர் இல்லையாயின் பிள்ளைகள் நோயுறுவர். தொலைவிற் சென்று நீர் சுமக்கும் வேலை பெரும்பாலும் பெண்பிள்ளைகளையே சாரும். அவர்தம் கல்வியும் தடைப்படும். இதனை உணர்ந்து, கடல் கடந்து சென்று பிறநாட்டுப் பாடசாலைகளுக்கு நீர் வசதி செய்துகொடுக்க இளைஞர் பலர் முன்வருகின்றனர். எம் பழைய மாணவருள்ளும் அத்தகைய விருப்புடையார் இருத்தல் கூடும். அவர்கள் புறப்படுமுன் சிந்திக்கவேண்டியது ஒன்றுண்டு. தென்னாபிரிக்காவிலே தோன்றிய ஓர் இராட்டினத்தின் வரலாறுகொண்டு அதனை ஆராய்வோம்.

'பிளேபம்ப்' என்பது அதன் பெயர். விளையாட்டுப் பம்பி என்று சொல்லலாம். பிள்ளைகள் ஏறிச் சுற்றும் இராட்டினமே நீரிறைக்கும் பொறியாகவும் அமைந்தது. அது சுழலுந்தோறும் குழாய்க் கிணற்று நீர் மேலேறி, உயரத்தில் நிறுத்தப்பட்ட 2,500 லீற்றர் தாங்கியை அடையும். தாங்கியின் பக்கங்களில் விளம்பரப் பலகைகள் இருக்கும். அவற்றால் வரும் பணம் பராமரிப்புக்கு உதவும். இவ்வாறு வகுக்கப்பட்ட திட்டத்தைக் கேட்டோர் வியந்தனர். 2000ஆம் ஆண்டில் உலக வங்கியின் பரிசு கிடைத்தது. 2006ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க அரசும் தனியார் அறநிலையங்களும் சேர்ந்து ஒரு கோடியே 64 இலட்சம் டொலர் வழங்க முன்வந்தன. 2010ஆம் ஆண்டுக்குள் 4,000 இராட்டினங்களை ஆபிரிக்க நாடுகளில் நாட்டுவதே குறிக்கோள்.

நடந்ததோ வேறு. விளையாட்டுக்கு ஒரு நேரமுண்டு, தாகத்துக்கு நேரமில்லை. பிள்ளைகள் இல்லாத வேளைகளில் தாய்மாரும் முதியோரும் இராட்டினத்தைக் கையாலே தள்ளிச் சுழற்ற வேண்டியதாயிற்று. 2,500 பேரின் அன்றாடத் தேவையை நிறைவேற்றப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாடவேண்டும் என்று 2009ஆம் ஆண்டில் 'கார்டியன்' இதழ் கணக்கிட்டது. நாளுக்கு உள்ளனவோ 24 மணியே! சாதாரண கைப்பம்பியிலும் ஏறக்குறைய நான்கு மடங்கு செலவாயிற்று. சிற்றூர்களில் விளம்பரம் செய்ய வணிகர் முன்வரவில்லை. பழுது நேர்ந்தால் ஊரார் தாமே திருத்த இயலாது. தொலைவிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். திட்டத்தை நடத்திய அமைப்பு 2010ஆம் ஆண்டளவில் தன் பொறிகளை வேறோர் அமைப்பிடம் ஒப்படைத்து விலகியது.

இதனோடு 'ஆபிரிடெவ்' என்னும் கைப்பம்பியை ஒப்பிடுவோம். 1980களில் மலாவி, கெனியா முதலிய நாடுகளில் உருவாக்கப்பெற்ற இது, ஏறத்தாழ 45 மீற்றர் ஆழத்திலிருந்து நீர் இறைக்க வல்லது. தேய்ந்த உறுப்பை மாற்ற, நிலத்துள் இறங்கிய குழாய் முழுவதையும் வெளியே எடுக்கவேண்டியதில்லை. ஒரு ஸ்பனரும் சிறிது பயிற்சியும் இருப்பின் ஊர்ப் பெண்களே திருத்திவிடுவர். பார்வைக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. உதிரிப்பாகம் கிடையாத ஊரில் இதுவும் நின்றுவிடும் என்பது உண்மையே. ஆயினும், திருத்தும் வல்லமை ஊராரிடமே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணத்தோடு இது அமைக்கப்பட்டது. எமது பழைய துலாக் கிணறும் அவ்வாறானதே. கயிறு அறுந்தால் பங்காளர் தாமே மாற்றிக் கட்டினர். பிறர் வரவை நோக்கி இருந்தாரல்லர்.

ஆகவே, தொண்டர் தம்மைத் தாமே கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று. இவ்வூரார் வேண்டுவது இதுதானா? நாம் திரும்பிய பின் இது பழுதுற்றால் திருத்துபவர் யார்? உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும், அதற்குப் பணம் எங்கிருந்து வரும்? இவற்றுக்கு விடை கிடையாதாயின், திறப்பு விழாவில் எடுத்த படம் மாத்திரமே எஞ்சும். பிள்ளைகள் மீண்டும் குடத்தோடு நெடுந்தூரம் நடப்பர்.

மற்றுமொன்று. தவறியதை மறையாது சொல்லுதலும் தொண்டின் ஒரு கூறே. கனடா நாட்டின் எல்லையற்ற பொறியியலாளர் அமைப்பு, 2008ஆம் ஆண்டு தொடக்கம் தன் தோல்விகளைத் தானே அறிக்கையாக வெளியிட்டது. அவ்வமைப்பின் தொண்டரே மலாவியில் இவ்விராட்டினங்களின் குறைகளை எடுத்துரைத்தவர்களுள் ஒருவர். நல்ல உள்ளம் தொண்டின் தொடக்கம்; நாம் இல்லாத நாளிலும் நீர் வருதலே அதன் நிறைவு.