கோடியில் ஒன்றைப் பிடிப்பது எப்படி?



டயாலிசிஸ் செய்துகொள்ளும் பலருக்கு இரத்தசோகையும் இருப்பதை அறிவீர்கள். சிவப்பணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மஜ்ஜைக்குச் செய்தி அனுப்பும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. மஜ்ஜையிலுள்ள செல்லின்மேல் அச்செய்தியை வாங்கும் புரதத்திற்கு ஏற்பி என்று பெயர்.

அந்த ஹார்மோன் 165 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதன் வேலையை ஒரு சிறு சங்கிலி, அதாவது பெப்டைடு, செய்யுமா? அமினோ அமிலங்கள் 20 வகை. ஏழு மட்டும் கோத்தாலே 128 கோடி விதம் வரும். ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க ஆயுள் போதாது.

1985-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்மித் ஒரு வழி கண்டார். பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் என்னும் வைரஸின் மரபணுவில் ஒரு துண்டைச் செருகினால், அதற்குரிய பெப்டைடு வைரஸின் வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். இப்படி விதவிதமான பெப்டைடுகளைத் தாங்கிய கோடிக்கணக்கான ஃபேஜ்களை, தட்டில் ஒட்டவைத்த ஏற்பியின்மேல் ஊற்றிக் கழுவுகிறார்கள். பிடிக்காதவை நீரோடு போய்விடும். தங்கியவற்றைப் பாக்டீரியாவில் பெருக்கி மறுபடியும் ஊற்றிக் கழுவுவார்கள். வீட்டில் அரிசியில் கல் அரிக்கிறோமே, அதுபோலத்தான். இங்கே வேண்டியது என்னவோ கல்! மூன்று நான்கு சுற்றுக்குப்பின் மிஞ்சிய ஃபேஜின் மரபணுவைப் படித்தால் பெப்டைடின் வரிசை தெரிந்துவிடும். இதற்காக ஸ்மித் 2018-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இம்முறையில் தேடி, 20 அமினோ அமிலங்களே கொண்ட ஒரு பெப்டைடை 1996-இல் அறிவித்தார்கள். ஹார்மோனின் வரிசைக்கும் இதற்கும் ஒற்றுமையே இல்லை. ஆனாலும் ஏற்பி வேலை செய்தது!

வடிவம்தான் காரணம். சங்கிலி எப்படியெல்லாம் வளையலாம், எங்கே அணுக்கள் மோதிக்கொள்ளும் என்று 1963-இல் வரைபடமாகக் காட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரன். அவருடன் இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் உழைத்தார்கள். அசோக் நகரிலிருந்து சில கிலோமீட்டரில், கிண்டி வளாகத்தில் அவ்வாராய்ச்சித் துறை இன்றும் இருக்கிறது. குட்டையான சங்கிலி தளர்ந்து ஆடும். மேற்சொன்ன பெப்டைடை இரண்டு கந்தக அணுக்களின் பிணைப்பு வளைத்துப் பிடித்திருந்தது.

அந்த வழியில் வந்த பெகினெசடைடு என்ற மருந்து, மாதம் ஒரே ஊசி என்பதால் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு நம்பிக்கை தந்தது. 2012-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிலருக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டு, மரணமும் நேர்ந்ததால் 2013-இல் திரும்பப் பெறப்பட்டது. பெப்டைடு ஏற்பியைப் பிடிக்குமா என்ற கேள்விக்கு மட்டுமே அந்தத் தட்டு பதில் சொல்லும். நம் நோயாளிகளுக்கு இன்றும் எரித்ரோபொயட்டின் வகை ஊசிகள் போடப்படுகின்றன.