திருப்பம் நேர்ந்த ஆண்டு எது?

இன்றைய எல்லைக்குட்பட்ட தருமபுரி மாவட்டத்தில், ஏழு வயது நிரம்பாத ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 2001ஆம் ஆண்டில் 826 பேரே இருந்தனர். 2011இல் 913 பேராயினர். பெண்சிசுக் கொலையால் பழியேற்ற மாவட்டத்திற்கு இஃது உவகைக்குரிய செய்தியே. ஆயினும், அத்திருப்பம் எவ்வாண்டில் நேர்ந்தது? 2001இல் இங்கு விரிவாக்கப்பெற்ற தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஒட்டியோ, அதற்குப் பின்னரோ?

இத்தகைய வினாவை ஆராய்தற்கென ‘ஆர்’ என்னும் கணினி மொழியில் எழுதப்பெற்ற நிரல்களுள் ஒன்று ‘பிசிபி’. தாமஸ் பேய்ஸ் என்னும் ஆங்கிலப் போதகர் இறந்தபின், 1763இல் வெளிவந்த அவர்தம் கட்டுரையே இதன் வேர். ஆண்டுதோறும் எண்கள் சிறிது ஏறி இறங்குதல் இயல்பு. நிலைத்த மாற்றமோ வேறு. ஆதலின் இந்நிரல், ஓராண்டைச் சுட்டி ‘இதுவே’ என்று சாதிப்பதில்லை. ஆண்டுக்கணக்கை வரிசையாக ஏற்று, ‘இங்கு மாற்றம் நேர்ந்திருத்தல் எத்துணை கூடும்’ என்பதற்கு ஒவ்வோராண்டிற்கும் 0 முதல் 1 வரை ஓர் எண் அளிக்கின்றது.

ஆனால், மேற்கூறிய குடிமதிப்புக் கணக்குகள் இரண்டு முனைகளையே நமக்குக் காட்டுகின்றன. இடைப்பட்ட ஆண்டுகள் இருளில் உள்ளன. ஊர்தோறும் பிறப்புப் பதிவேடு பிழையின்றி நிரம்பினாலன்றி எந்நிரலும் அவ்விருளை நீக்காது. நீக்கினும் ‘எப்போது’ என்பதையே அது கூறும். ‘ஏன்’ என்பதை நாமே வீடுதோறும் சென்று வினவியறிதல் வேண்டும்.